நீ விட்ட புள்ளிகள்

என் செல்லச் சொக்கு,

உன் அக்காள், உன் ஆச்சி எழுதுகிறேன். நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. இத்தனை நாளும் உன்னோடு வாயால் பேசிக்கொண்டுதான் இருந்தேன், அடுப்படியில், குளியலறையில், பென் தான் சந்தையில் கீரைக்காரியிடம் வாதாடும்போதுகூட. இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். அதை நாலு பேர் அறியச் சொன்னால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

உன் எழுத்தை நான் திருத்திவிட்டேன், தம்பி. ஒன்றிரண்டு எழுத்தை அல்ல, மொத்தத்தையும். முழுக்கக் கேட்டுவிட்டுப் பிறகு திட்டு.

முதலில் இந்த வியட்நாம் ஊர்ச் செய்தி. பென் தானில் மெட்ரோ ஓடுகிறது. உனக்குச் சொன்ன வாக்குப்படி ஏறிப் போய் வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது, பெட்டிக்குள் நிலையத்தின் பெயர் ஓடும் பலகையில் எழுத்து எப்படி இருக்கிறது என்று பார்க்கவே இல்லை. நீயாக இருந்தால் அதை மட்டும் பார்த்துக்கொண்டே இறங்க வேண்டிய நிலையத்தைக் கோட்டை விட்டிருப்பாய். உன் ஸ்கூட்டரை அத்தான் ஓட்டுகிறார். உன் ஹெல்மெட் அவர் தலைக்குப் பற்றவில்லை, ஆனாலும் அதைத்தான் போட்டுக்கொள்கிறார்.

நீ கம்ப்யூட்டருக்காகப் புள்ளி புள்ளியாக வரைந்த 'பொட்டு' எழுத்தை எங்கெங்கோ பார்க்கிறேன். நம் தெருமுனை ஐஸ் காபிக் கடையின் கோப்பையில், கச்சேரிச் சுவரொட்டியில், ஒரு பெண்ணின் பனியன் முதுகில். கறுப்பில் ஆரஞ்சுப் புள்ளிகள். பழைய ரயில் நிலையத்தில் வண்டி நேரம் காட்டும் பலகையை அப்படியே பெயர்த்து எடுத்துவந்த மாதிரி இருக்கிறது. எல்லாம் நீ முதலில் செய்த, வியட்நாமிய எழுத்து மட்டும் உள்ள பழைய பொட்டு. அந்தக் காலத்துப் பலகையைக் கண்ணால் பார்க்காத பிள்ளைகளுக்குத்தான் அது ரொம்பப் பிடித்திருக்கிறது. ஏன் என்று உன்னை ஒரு நாள் கேட்டேனே. "இது மிஷினு கஷ்டப்பட்டு எழுதின எழுத்து ஆச்சி. கஷ்டப்பட்டது கண்ணுக்குத் தெரியுதுல்ல, அதான்" என்றாய்.

நம் சாப்பாட்டுக் கடைக்கு வரும் தமிழ்க்காரர்கள் எல்லோரும் "கோலம் மாதிரி இருக்கே" என்பார்கள். உனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "கோலத்துல புள்ளிய வச்சுக் கோட்டப் போடுவாக. இதுல கோடே கிடையாது. கோடு இருக்கிறதா நம்ம கண்ணுதான் நினைச்சுக்கிருது" என்பாய். எனக்கு அது அன்றைக்குப் புரியவில்லை. சரி சரி என்று சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன்.

நம் கடை வாசலில் தொங்கும் சிவப்பு விளக்குப் பலகையில்தானே எல்லாம் தொடங்கியது? சென்னை வேலையை விட்டுவிட்டு நீ இங்கே டிசைன் ஸ்டூடியோவில் சேர்ந்த புதிது. பழைய மின்சாமான் விற்கும் இடத்திலிருந்து அத்தான் அந்தப் பலகையைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஏழு வரிசை விளக்கு, ஆங்கிலம் மட்டும் ஓடும். வியட்நாமிய எழுத்துக்குத் தலையில் தொப்பி, தொப்பிக்கு மேல் இன்னொரு குறி, சிலதுக்குக் காலடியில் ஒரு புள்ளி. நம் எழுத்துக்கோ மேலே சுழி, கீழே வால், ணகரத்துக்கு ஒரு லாரி அகலம். ஏழு வரிசையில் எதை அடக்குவது? நீ அதே மாதிரி இன்னொரு பலகை வாங்கி இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டினாய். பதினாலு வரிசைக்கும் சேர்த்து எழுத்தைப் புதிதாக வரைய ஆரம்பித்தாய்.

இரண்டு பலகையிலும் அங்கங்கே விளக்கு செத்துக் கிடந்தது. மாற்றிவிடுவோம் என்றேன். "மாத்தினா நாளைக்கு வேற ஒண்ணு போகும். எந்த ஒரு வெளக்கு போனாலும் எழுத்து நிக்கணும் ஆச்சி. அப்படி வரையணும்" என்றாய். அதைத்தான் சட்டமாக வைத்துக்கொண்டு வேலை செய்தாய்.

அந்தச் சட்டத்துக்குப் பலியானது என் சுண்டல் கடலை. பெரிய எவர்சில்வர் தட்டில் கறுப்புத் துணியை விரித்து, ஊறவைத்த கொண்டைக்கடலையை வரிசையாக வைத்து எழுத்து அமைப்பாய். காய்ந்த கடலை உருளும், ஊறினதுதான் நிற்கும் என்று கண்டுபிடிப்பு வேறு. பிறகு ஒரு கடலையை எடுத்துவிட்டு, சாப்பிட வந்தவர்களிடம் தட்டை நீட்டி "இது என்னா எழுத்து?" என்று கேட்பாய். உனக்கு ரொம்பப் பிடித்த ஆள் நம் காரைக்கால் பாய்தான். எழுபத்தைந்தில் போர் முடிந்து எல்லோரும் கப்பலைத் தேடி ஓடியபோது போகாமல் இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். அம்மா வியட்நாம்காரர், பாய்க்குத் தமிழ் பேச வரும், படிப்பது எழுத்துக்கூட்டித்தான். வெள்ளிக்கிழமை டோங் டு பள்ளிவாசலில் தொழுதுவிட்டு நேராக நம் கடைக்கு வருவார். பாய் படித்துவிட்டால் யாரும் படித்துவிடுவார்கள் என்பது உன் கணக்கு.

நீ பாய்க்குக் காத்திருக்கும் நேரத்தில் நான் என்ன செய்வேன்? அந்த வழியாகப் போகும்போது ஓட்டையில் ஒரு கடலையை வைத்துவிட்டுப் போய்விடுவேன். வேண்டுமென்று இல்லை, சொக்கு. கை தானாகப் போகும். இலையில் அப்பளம் இல்லையென்றால் வைக்க வேண்டும், மேசையில் தண்ணீர் குறைந்தால் ஊற்ற வேண்டும். இருபது வருஷமாகச் சாப்பாட்டுக் கடை நடத்தும் கை. "ஆச்சி, அது விழுந்தது இல்ல, நான் எடுத்தது" என்று எத்தனை தடவை கத்தியிருப்பாய்?

இன்னொரு சட்டமும் வைத்திருந்தாய். பொட்டில் பத்து வார்த்தைக்கு மேல் எழுதக் கூடாது. எட்ட நின்று பார்க்கிற எழுத்து, பக்கத்தில் வைத்துப் படிக்கிற எழுத்து இல்லை என்பாய். நான் கேட்டேனா? நீ டானாங் ஊருக்குப் போயிருந்தபோது மொத்த மெனுவையும் அதில் அச்சடித்துவிட்டேன். வந்தவர்கள் எல்லோரும் கண்ணைச் சுருக்கி, தாளைத் தள்ளிப் பிடித்து, கடைசியில் பக்கத்து மேசையைக் கைகாட்டி "அது கொடுங்க" என்றார்கள். நீ திரும்பி வந்து சிரித்த சிரிப்பில் அத்தான் அடுப்படியை விட்டு வெளியே வந்துவிட்டார்.

அந்தச் சிரிப்பு இப்போது இல்லாததை நான் எதைக்கொண்டு அடைப்பேன்?

ஒரு செவ்வாய்க்கிழமை. "மத்தியானம் வத்தக்குழம்பா ஆச்சி?" என்று கேட்டுவிட்டுப் போனாய். ஸ்டூடியோ மாடிப்படியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. முப்பத்தெட்டு வயது. டாக்டர் இதயம் என்றார். முன்னாலேயே ஏதாவது தெரிந்திருக்கும், மூச்சு வாங்கியிருக்கும், களைப்பு இருந்திருக்கும் என்றார். அந்த வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. தினமும் உனக்குச் சோறு போட்டவள் நான். எனக்கு ஏன் தெரியவில்லை?

லான் அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. ஸ்டூடியோவில் உன் பக்கத்து மேசையில் ஐந்து வருஷம் உட்கார்ந்தவள், நீ சொல்லிக்கொடுத்த பழக்கத்தில் என்னை 'ஆச்சி' என்றே கூப்பிடுகிறவள். பிரசவத்துக்கு ஊருக்குப் போகுமுன் கடைக்கு வந்தாள். தமிழையும் சேர்த்து நீ செய்த புதுப் பொட்டு உன் லேப்டாப்பில் மட்டும்தான் இருக்கிறது, குழந்தை பிறந்து நான் வந்ததும் அவர் பெயரிலேயே வெளியிடுவோம், அதுவரை பத்திரமாக வைத்திருங்கள் என்றாள். வீட்டில் ஞாபகமாக இருக்கட்டும் என்று எல்லா எழுத்தையும் தாளில் அச்சடித்துக் கொடுத்தாள். அழுதுகொண்டே கொடுத்ததால் எதையும் விளக்கவில்லை. உனக்குத் தெரிந்தது எனக்கும் தெரியும் என்று நினைத்திருப்பாள்.

அவள் போன பிறகு தாள்களைப் பிரித்தேன். ஒவ்வொரு எழுத்தும் மூன்று மூன்று தடவை இருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி இல்லை. சிலதில் இரண்டு இல்லை.

முடிக்காமலே போய்விட்டான் என் தம்பி என்று நினைத்தேன். மூன்று தடவை முயன்றிருக்கிறான், மூன்றிலும் விட்டுப்போயிருக்கிறது. கை நடுங்கியிருக்குமோ? கண் மங்கியிருக்குமோ? டாக்டர் சொன்ன களைப்பு இதுதானோ? ஒவ்வொரு ஓட்டையும் நான் கவனிக்காமல் விட்ட ஒரு நாள் மாதிரி என்னைப் பார்த்தது.

மத்தியானச் சாப்பாடு முடிந்து கடை ஓய்ந்திருக்கும் நேரத்தில், சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஓட்டை இருக்கும் இடத்திலெல்லாம் புள்ளி வைத்தேன். ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அ, ஆ தொடங்கி னகரம் வரை, பிறகு வியட்நாமிய எழுத்து முழுக்க. அந்த நேரத்தில் நீ பக்கத்தில் இருக்கிற மாதிரி இருந்தது. அத்தான்கூட "இப்பத்தான் நீ ஒழுங்கா சாப்பிடுறே" என்றார். தம்பி பாதியில் விட்டதை ஆச்சி முடித்துக்கொடுத்தாள் என்று எனக்குள் ஒரு பெருமை வேறு.

நம் கடைக்குச் சாப்பிட வரும், பத்திரிகைப் பக்கம் வடிவமைக்கிற ஒருவரிடம் லேப்டாப்பையும் தாளையும் கொடுத்தேன். அவர் பார்த்துப் பார்த்து எல்லாப் புள்ளியையும் ஏற்றிக் கொடுத்தார். "பழைய ஃபைல் தனியா இருக்கட்டுமாக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டார். அந்த மனிதர் கேட்டார், சொக்கு. நான்தான், "வேணாம் தம்பி, ரெண்டு இருந்தாக் கொழப்பம். சரி பண்ணினதே போதும்" என்றேன்.

லான் போன மாதம் குழந்தையோடு வந்தாள். பெண் குழந்தை, கன்னம் பணியாரம் மாதிரி இருக்கிறது. ஸ்டூடியோவில் வெளியீட்டுக்கு நாள் குறித்துவிட்டார்கள், ஒன்பது நாள் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே, நம் கடையின் மூலை மேசையில் உன் லேப்டாப்பைத் திறந்தாள். குழந்தை என் மடியில். ஏதோ ஒரு எழுத்தை ஐந்தாறு தடவை அடித்தாள். திரும்பத் திரும்ப அடித்தாள். பிறகு கையை எடுத்துவிட்டாள்.

நாங்கள் வியட்நாமிய மொழியும் ஆங்கிலமும் கலந்து பேசியதைத் தமிழில் சொல்கிறேன்.

"ஆச்சி, இதை யாராவது தொட்டாங்களா?"

"நான்தான். முடிக்காம வச்சிருந்தான்ல. எல்லாத்தையும் அடைச்சிட்டேன்."

லான் திரையை என் பக்கம் திருப்பினாள். "அது அவர் முடிச்சது ஆச்சி. ஒவ்வொரு எழுத்துக்கும் மூணு உருவம். ஒவ்வொண்ணுலயும் வேற வேற வெளக்கு போயிருக்கும். ஒரே எழுத்தை மூணு தடவை அடிச்சா மூணும் மாறி மாறி வரும். உங்க வாசல்ல இருக்கிற போர்டு மாதிரி. உயிரோட ஓடுற போர்டு மாதிரி இருக்கணும்னு ஒரு வருஷம் உட்கார்ந்து எடுத்தார்."

"பழசு இருக்குல்ல உங்கிட்ட?"

"ஆரம்பத்துல செஞ்சது இருக்கு. இந்தப் புதுசு இந்த லேப்டாப்ல மட்டும்தான் இருந்துச்சு."

அவள் அழவில்லை, என்னைக் கோபித்துக்கொள்ளவும் இல்லை. கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். நீ கத்துவது காதில் கேட்டது. விழுந்தது இல்ல ஆச்சி, நான் எடுத்தது. இத்தனை தடவை உயிரோடு சொன்னாயே, எனக்கு அது ஏன் ஞாபகம் வரவில்லை? நீ இருந்தபோது ஒரு கடலையை வைத்தேன், நீ எடுத்துவிட்டாய். நீ போன பிறகு உன் ஒரு வருஷ வேலையையே அடைத்துவிட்டேன். எடுக்க யார் இருக்கிறார்கள்? அன்று நான் அழுத மாதிரி உன் காரியத்தன்றுகூட அழவில்லை.

வெளியிட வேண்டாம், இது அவன் எழுத்து இல்லை, அவன் பெயரைப் போடாதீர்கள் என்றேன் லானிடம். எப்படித்தான் செய்தீர்கள் என்று காட்டுங்கள் என்றாள். உள்ளே போய்த் தாள்களைக் கொண்டுவந்து அவள் முன்னால் போட்டேன். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

லான் முதல் தாளை எடுத்தாள், அடுத்ததை எடுத்தாள். எல்லாவற்றையும் மேசையில் பரப்பினாள். "ஆச்சி, இங்க வந்து பாருங்க" என்றாள்.

அவள் அச்சடித்தது கறுப்பு. நான் வைத்தது சிவப்பு.

நீ எங்கெங்கே எடுத்தாயோ அங்கெல்லாம் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. ஒன்று தவறவில்லை. உன் ஆச்சியின் கண் எங்கேயாவது ஒரு ஓட்டையைத் தப்பவிடுமா?

அப்புறம் எட்டு நாள். குழந்தை அத்தான் தோளில். நான் தாளைப் பார்த்துச் சொல்லுவேன்: "ககரம், ரெண்டாவது உருவம், மேலேருந்து நாலாவது வரிசை, அஞ்சாவது புள்ளி." லான் எடுப்பாள். நான் வைத்த ஒவ்வொன்றையும் நானே வாயால் சொல்லி எடுக்க வைத்தேன். வைத்தபோது நான் ஓட்டையைத்தான் பார்த்தேன், எழுத்தைப் பார்க்கவில்லை. எடுத்தபோதுதான் நீ செய்தது தெரிந்தது. ஒரு மெய்யெழுத்தின் தலைப்புள்ளியைக்கூட நீ எடுக்கவில்லை. வியட்நாமிய எழுத்தின் காலடிப் புள்ளியில் கை வைக்கவில்லை. அது போனால் வேறு எழுத்தாகிவிடும் என்று லான் சொன்னாள். இரண்டு எடுத்த இடத்தில் ஒன்றுக்கொன்று பக்கத்தில் எடுக்கவே இல்லை. எடுத்த இடத்திலெல்லாம் சுற்றிலும் இருக்கிற புள்ளிகள் அந்த வளைவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றன.

ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, தாளைக் கீழே வைத்துவிட்டு லானிடம் கேட்டேன். "கை நடுங்கினவன் செய்யிற வேலையா இது?"

"சொக்கு அண்ணனா? கடைசி வாரம்கூட படியில ரெண்டு ரெண்டா தாவித்தான் ஏறினார்" என்றாள்.

அந்த ஒரு வார்த்தைக்காக நான் பத்து மாதம் காத்திருந்திருக்கிறேன், தம்பி. நீ தேய்ந்து போகவில்லை. கண் மங்கவில்லை. உன் வேலையை நல்ல திடத்தோடு முடித்துவிட்டுத்தான் போனாய். எனக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம், அங்கே தெரிவதற்கு ஒன்றுமே இல்லாததாகவும் இருக்கலாம், இல்லையா? டாக்டர் சொன்னது டாக்டருக்கு. நான் இதை வைத்துக்கொள்கிறேன்.

நேற்று உன் பொட்டு வெளியானது. உன் பெயர் முதலில், முழுசாக இருக்கிறது. வெள்ளிக்கிழமையாகவும் இருந்ததால் லானை மத்தியானம் கடைக்கு வரச் சொல்லியிருந்தேன். காலையிலேயே கடலை ஊறவைத்தேன். கறுப்புத் துணியை விரித்து, உன் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, 'சொக்கு' என்று உன் எழுத்தில் அமைத்தேன். எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. கடைசி எழுத்தின் வளைவிலிருந்து ஒரு கடலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். மேசையில் வைத்திருந்தால் திரும்ப வைத்துவிடுவேன் என்று எனக்கே பயம்.

பாய் தொழுதுவிட்டு வந்தார். தட்டைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன்.

"என்னா தங்கச்சி, தம்பி வெளையாட்டா?" என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வைத்து எழுத்துக்கூட்டினார். "சொ... க்... கு." கொஞ்ச நேரம் விரலை எடுக்கவில்லை. "நம்ம சொக்குன்னுல்ல போட்டிருக்கு."

"ஏதாச்சும் விட்டுப்போயிருக்கா பாய்? நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

மறுபடி ஒரு தடவை பார்த்தார். "இல்லியே. எல்லாம் சரியாத்தான் இருக்கு."

என் கை கடலைக் கிண்ணத்துக்குப் போகவில்லை, சொக்கு. லான் சாட்சி.

வருஷா வருஷம் உன் நாளில் இந்தத் தட்டைப் போடுவேன். பாய் படிக்கட்டும், லானுடைய மகள் வளர்ந்து அவளும் படிக்கட்டும். ஒரு கடலையை எடுத்துவிட்டு நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். நீ விட்ட இடத்தை இனி அடைக்க மாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உனக்குச் சோறு போட்ட கையால், கூடப் பிறந்தவள்,
உன் ஆச்சி மெய்யம்மை